உனக்கு வந்த போனை நான் எடுத்தேன்

அக்கா,

இன்று மதியம் டெலிபோன் லைன்மேன் வந்திருந்தார். ஒரு வாரமாக நாங்கள் பேசுவது எதிர்முனைக்குச் சரியாகக் கேட்கவில்லை. "கடல் காத்தும்மா. உள்ள எல்லாம் துரு புட்சிகினு கீது," என்று சொல்லியபடி ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றினார். மூடியின் துளைகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. ஊதினார். முகப்பவுடர் வாசனை. "யாரும்மா இங்க பவுடர் பூசிகினு போன் பேசறது?" என்று சிரித்தார். அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கும் பவுடர் பூசும் வழக்கம் இல்லை. முகமே தெரியாத போன் பேச்சுக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, பொட்டும் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருகிறவள் நீ ஒருத்திதான்.

இந்த வருடம் நான் ப்ளஸ் டூ. உனக்கு அந்தப் போன் வந்தபோது பத்தாம் வகுப்பில் இருந்தேன். நடந்ததை இதுவரை வரிசையாக எழுதிப் பார்த்ததில்லை. கட்டுரை நோட்டில் எதை எதையோ எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள், இதை மட்டும் எழுதவில்லை.

நம் கட்டடத்தில் எட்டு வீடுகள். எங்களுக்கு மேலே, மாடியில் உன் வீடு; உன் அப்பா அம்மா எனக்கு மாமா, அத்தை. அப்போது போன் இருந்தது கீழ்த்தளத்தில் எங்கள் வீட்டில் மட்டும். அப்பாவை எந்த நேரத்திலும் வேலைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஆபீசில் கொடுத்தது. அதனால் எட்டு வீட்டுக்கும் அதுவே பிபி நம்பர், அதாவது ஆளைக் கூப்பிட்டுத் தரும் நம்பர். எங்கள் எண்ணை எழுதிப் பக்கத்தில் பிபி என்று போட்டுவிட்டால் போதும். போன் வந்ததும் மாடிப்படியில் ஓடிக் கூப்பிடுவது என் வேலை. எனக்கு அதில் பெருமை. யாருக்கு எங்கிருந்து போன் வருகிறது என்பது அவர்கள் வீட்டாருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

நீ பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தாய். நம் குவார்ட்டர்ஸ் கேட்டில் காவலர், சுற்றிலும் மதில், எல்லோருடைய அப்பாவுக்கும் ஒரே இடத்தில் வேலை. நீ பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனால், நீ திரும்பி வருவதற்குள் மாமாவுக்குத் தெரிந்துவிடும். அந்த நாட்களில் நீ மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால் அரைமணி நேரம் வர மாட்டாய். ஒரு தடவை பின்னாலேயே வந்து பார்த்தேன். தூரத்தில் மகாபலிபுரம் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "பஸ்ல எத்தினி பேரு நின்னுகினு போறாங்க பாரு. அதுல ஒரு எடம் எனக்கு இல்ல," என்றாய்.

பழைய மகாபலிபுரம் சாலையில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு நீ விண்ணப்பம் போட்டாய். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அது ஓடாவிட்டால் போன் செய்வார்கள். இங்கிருந்து வழி சொல்ல வேண்டும். டெக்னிகல் சப்போர்ட் என்றார்கள். முதல் சுற்று இன்டர்வியூவே போனில்தான். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று கடிதம் வந்தது. மாமா அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"வேல கெட்ச்சா ஆர்டர எட்தாந்து காட்டு. ஒரு வருசம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். ஆனா அதுவரிக்கும் வர்ற எடத்த வேணாம்னு சொல்ல மாட்டேன். இன்னா, சரியா?"

"சரிப்பா," என்றாய். படியிறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாய். வலித்தது.

அன்றைக்கே நான் நோட்டுப் போட்டேன். இடதுபக்கம் கேள்வி, வலதுபக்கம் பதில், முப்பத்திரண்டு கேள்விகள். பள்ளி நூலகத்தில் கம்ப்யூட்டர் பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துவந்து, அதில் இருந்த இங்கிலீஷிலேயே எழுதினேன். உன்னை மனப்பாடம் செய்யச் சொன்னேன். நாமெல்லாம் அப்படித்தானே படித்தோம். கேள்வியின் முதல் வார்த்தை காதில் விழுந்ததும் பதிலின் முதல் வார்த்தை வாயில் வர வேண்டும்.

தினமும் நாலரை மணிக்கு ஒத்திகை. நீ ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, லைன் போகாதபடி போனின் பொத்தானை விரலால் அமுக்கியபடி, சுவரைப் பார்த்து உட்காருவாய். "போன்ல மூஞ்சி தெரியாதுடி. கொரல்தான் மூஞ்சி," என்பாய். நான் வாயாலேயே மணி அடிப்பேன். நீ, "எஸ் சார், ஸ்பீக்கிங்," என்று ஆரம்பிக்க வேண்டும். சில நாள் மாற்றிக்கொள்வோம். நீ கேட்பாய், ரிசீவர் என் கையில் இருக்கும். நீ தடுமாறுகிற இடத்தில் நான் தடுமாறவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாமா லீவில் இருந்தார். அவர் காதில் விழாமல் சத்தமாகப் பேசிப் பழக, நாம் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனோம். இடிந்த சுவருக்கு முன்னால் நின்று, "சார், பவர் கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்," என்று இங்கிலீஷில் கத்தினாய். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாராண்ட பேசிகினு கீற, செவுத்தாண்டயா?"

"அமெரிக்காகாரனாண்ட ஆயா. அவன் கம்ப்யூட்டரு படுத்துகிச்சாம்."

"அதுக்கு நீ இன்னா பண்ணுவ? தண்ணி தெளிச்சி எழுப்பச் சொல்லு," என்றாள்.

நீ சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். உன்னை அப்படிச் சிரிக்கப் பார்த்தது அதுதான் கடைசி.

போன் வியாழக்கிழமை வரவில்லை. அதற்கு முந்தைய நாளே வந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். என் அம்மா உங்கள் வீட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான் தனியாக வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஓர் ஆண்குரல், இங்கிலீஷில், உன் பெயரைச் சொல்லிக் கேட்டது. நாளைக்கு வரிசை நீளமாக இருப்பதால் இன்றே கூப்பிடுகிறேன் என்றார். "ஒன் மினிட் சார்," என்று சொல்லி ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

உங்கள் வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அத்தை என்னைப் பார்த்ததும், "வா வா, நல்ல நேரத்துல வந்த," என்று ஒரு தட்டைக் கையில் திணித்தார். "அந்தப் பக்கம் குந்தியிருக்கற பெரியவருக்குக் குடு."

"அத்தை, அக்காவுக்கு..."

"அப்புறம் சொல்லுவ. ஆறிப்பூடும், போ."

தட்டோடு கூடத்துக்குள் போனேன். நீ பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாய். மாமா அந்தப் பெரியவரிடம், பெண் வீட்டு வேலை எல்லாம் செய்வாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ நிமிர்ந்தபோது நான் பெருவிரலையும் சுண்டுவிரலையும் காதோரம் வைத்துக் காட்டினேன். உன் முகம் மாறியது. சட்டென்று தலையை இப்படியும் அப்படியும் ஒருமுறை அசைத்தாய்.

என்னால் வர முடியாது என்றாயா? எடுக்காதே என்றாயா? நீயே பார்த்துக்கொள் என்று எடுத்துக்கொண்டு நான் படியிறங்கினேன்.

சத்தியமாக, நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லத்தான் ரிசீவரை எடுத்தேன். ஆனால் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள் என்று உன் கல்லூரித் தோழி சொல்லியிருந்தாள். அதற்குள் அவர் மறுபடி உன் பெயரைச் சொன்னார். என் வாய், "எஸ் சார், ஸ்பீக்கிங்," என்றது. அவ்வளவு நாள் பழக்கம். அதற்கு மேல் நிறுத்த எனக்குத் தெரியவில்லை, நிறுத்தவும் விரும்பவில்லை. இருபது நிமிடம் பேசினேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? இருக்கிறது சார். இரவு ஷிப்டுக்கு வீட்டில் சம்மதமா? அப்பா முழு ஆதரவு சார். கோபமாகக் கத்துகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பாய்? இருபத்தேழாவது கேள்வி. பொறுமையாகவும் பணிவாகவும் விளக்குவேன் சார். அவர், "குட், வெரி குட்," என்றார். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொன்னார்.

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போனதும் நீ பட்டுப்புடவையோடு கீழே ஓடிவந்தாய். நான் குதித்துக்கொண்டே சொன்னேன். நீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய்.

"இன்னா இன்னா கேட்டான், ஒவ்வொண்ணா சொல்லு."

சொன்னேன். அப்பா முழு ஆதரவு என்ற இடத்தில் மட்டும் சிரித்தாய். "எங்கப்பனுக்கு நீயே சர்டிபிகேட் குடுத்துட்டியா?" கோபக்கார வாடிக்கையாளர் பற்றிச் சொன்னபோது கையை நீட்டி நிறுத்தினாய்.

"அதுக்கு நான் வேற சொல்லியிருப்பேன்."

"என்ன சொல்லியிருப்ப?"

"அவன் கத்தி முடிக்கற வரிக்கும் கேப்பேன். நடுவுல ஒரு வார்த்த பேச மாட்டேன். அத்தினி நேரமா அவன் வூட்ல அவன் சொல்றத யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. முடிச்சிட்டு அவனே கொரல எறக்குவான் பாரு. அப்பதான் ப்ளக்கு மாட்டிகினு கீதானு கேக்கணும்."

அது என் நோட்டில் இல்லாத பதில். நான் எழுதிய முப்பத்திரண்டு பதில்களிலும் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இருந்தும், "அவங்களுக்கு என்னோடதே பிடிச்சிருந்தது," என்றேன்.

வியாழக்கிழமை போன் வந்தது, பாஸ் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் போனாய். இரண்டு மணிக்கே திரும்பிவிட்டாய். மாமாவிடம், "கெடைக்கலப்பா," என்றாய். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, போன் பக்கம் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாய்.

"சொல்லிட்டேன்டி."

"எதை?"

"அன்னிக்குப் பேசினது நான் இல்ல, என் தங்கச்சின்னு."

"ஏன்க்கா? அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. உள்ள போனதும் அதே ஆளுதான். எழுந்து நின்னு கை குடுத்து, ஒங் கொரல மெச்சிகினான். இவ்ளோ பேர்ல இந்தக் கொரல்தான் ஞாபகம் இருந்துச்சுன்னான். அதுக்கு நான் எப்டிடி தேங்க்யூ சொல்றது?"

நான் அழுதேன். நீ அழவில்லை. என் முதுகைத் தட்டிக்கொண்டே, "வுடு, ஒனக்கு வேல ரெடியா கீது. இன்னும் ரெண்டு வருசம் படிச்சிட்டுப் போ," என்றாய். நீ வேடிக்கைக்குத்தான் சொன்னாய். எனக்கு அது இன்னும் இறங்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். திண்டிவனம். நல்ல மனிதர்கள்தான், உன்னை யாரும் எதுவும் சொன்னதில்லை என்று அத்தை சொன்னார். கல்யாணமான எட்டாவது மாதம் மஞ்சள் காமாலை என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உன்னைப் பார்க்க வந்த அன்று, மன்னிப்புக் கேட்க நாலு வரி எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். உன் கட்டிலுக்கு மேலே இருந்த ஃபேன் ஓடவில்லை. ஒருவர் நர்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கண்ணை மூடியபடியே, "மொதல்ல அவர கத்தி முடிக்கச் சொல்லு," என்றாய். நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயால் அந்த நாலு வரியைச் சொல்ல முடியவில்லை. பார்வை நேரம் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் நீ இல்லை.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரியாதது.

ஒரு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா கீழே வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார். ஆபீசில் யாரோ தன் மகனுக்கு அந்த மாதிரி வேலை கிடைத்ததாகச் சொன்னாராம். "எம்பொண்ணு போன் இன்டர்வியூல பாஸ் பண்ணவ, நேர்லதான் போச்சுன்னு நானும் சொன்னேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ கூடவே இருந்தியேம்மா. அந்த ஆளு இன்னா கேட்டான், எம்பொண்ணு இன்னா சொன்னா?"

போன் வியாழக்கிழமை வந்தது என்றே அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், அவர் கூடத்தில் உன்னை உட்காரவைத்திருந்த நேரத்தில்தான் அது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அத்தை கவனிப்பதை விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"கோபமா கத்தறவங்கள எப்படிச் சமாளிப்பேன்னு கேட்டாங்க மாமா," என்றேன். நீ சொன்ன பதிலை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்து ஒருமுறை போனைப் பார்த்தார்.

"இதெல்லாம் இங்கிலீசுலயா சொன்னா?"

"இங்கிலீஷ்லதான் மாமா."

"அப்டியே இங்கிலீசுலயே சொல்லு."

நீ தமிழில் சொன்னதை, அவர் முன்னால் நின்றுகொண்டு, முதல்முறையாக இங்கிலீஷுக்கு மாற்றினேன். தடுமாறித் தடுமாறித்தான் வந்தது. மாமாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"திங்கக்கிழமை வரச் சொன்னாரு மாமா."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். செய்தித்தாள் வாங்க வந்ததுபோல வாசலில் நிற்கிறார். அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் அம்மாவைப் பார்க்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவு செய்கிறேன். அவர் வந்து நின்றதும் முடியவில்லை. உன் பதில் இப்போதெல்லாம் எனக்குத் தடுமாற்றமில்லாமல் வருகிறது. முடித்ததும் அவர், "இன்னொரு தபா சொல்லும்மா," என்கிறார்.

சொல்கிறேன், அக்கா.