மீசைக்காக ஒரு வெள்ளிக் கரண்டி

மாமா,

நேற்று நம் வீட்டுக்கு வந்த ஒருவர், பழைய வெள்ளிச் சாமான்கள் சேர்ப்பவர், அலமாரியிலிருந்து உங்கள் கரண்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குழியின் இடது விளிம்பில் இருந்த தழும்பின் மேல் விரலை வைத்து, "நல்ல பொருளுங்க, யாரோ கெடுத்துப்போட்டாங்க" என்றார். நான் காப்பி போட உள்ளே போனேன். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உங்கள் மீசைதான் கண்முன் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வால்பாறையிலிருந்து கணபதி என்ற இந்த ஊருக்கு நான் உங்கள் மருமகளாக வந்தேன். என் சீரில் ஒரு மரப்பெட்டி இருந்தது. எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பா, பழைய துரை பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியது. உள்ளே நீல வெல்வெட்டில் வெள்ளிக் கரண்டிகள். சிப்பி போல அகன்று, கைப்பிடி குட்டையாக இருந்த ஒன்று டப்பாவிலிருந்து தேயிலை அள்ள. பூப்பூவாக ஓட்டை போட்டது பழத்தின் மேல் சர்க்கரை தூவ. ஒடுக்கமாக நீண்டது எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுக்க. "ஏனுங்க, நமக்குத்தான் அஞ்சு வெரலு இருக்குதுங்களே!" என்று அத்தை சிரித்தார்.

நீங்கள் மட்டும் ஒன்றைக் கீழே வைக்கவே இல்லை. அதன் குழியின் ஒரு ஓரத்தை ஒரு சின்னத் தகடு மூடியிருந்தது. மீசை தகட்டின் மேல் படியும். சூப் அதன் அடியில் நழுவி வாய்க்குப் போகும். லேத் பட்டறைக்காரரான நீங்கள், தகட்டைப் பற்றவைத்திருந்த இடத்தை நகத்தால் வருடிப் பார்த்தீர்கள். "மீசைக்குன்னே ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிருக்கறான் பாரு கண்ணு" என்றீர்கள்.

சில வருடங்கள் கழித்து, பட்டறையில் நின்றபடியே சரிந்து விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை அசையவில்லை. வாய் வலப்புறம் தொங்கியது, பேச்சு குழறியது. அத்தை எதிரே உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார். பாதி மீசையில் வழியும். பார்க்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "மீசைய எடுத்துப்போடலாமுங்க, சுத்தமா இருக்கும்" என்று அத்தை அழுதுகொண்டே சொல்லி, முடிவெட்டுபவரை வரவழைத்தார். அவர் கத்தியைத் தீட்டத் தொடங்கியதும் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யார் ஊட்டினாலும் நீங்கள் வாய் திறக்கவில்லை. இப்படியே போனால் மூக்கில் குழாய் போடவேண்டும் என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அந்தக் கரண்டி வலது கையால் சாப்பிடுபவருக்காகச் செய்தது. தகடு உதட்டுப் பக்கம் வரவேண்டுமென்றால் கைப்பிடி உங்கள் வலப்புறமாக நீள வேண்டும். அதனால் ஸ்டூலை உங்கள் வலப்பக்கம் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வாய்க் கஞ்சி மீசையைத் தொடாமல் உள்ளே போனது. அத்தை கதவருகில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கொஞ்சம் தேறியதும் நீங்களே சாப்பிட முயன்றீர்கள். இடது கையால் சோற்றைத் தொட மனம் வரவில்லை. கரண்டி என்றால் பரவாயில்லை என்று நினைத்தீர்களோ என்னவோ. ஆனால் இடது கைக்கு வந்ததும் தகடு வெளிப்பக்கம் போய்விட்டது, ரசமெல்லாம் சட்டையில். கரண்டியை என் முன்னால் நீட்டி, "திருப்பு... திருப்பு" என்றீர்கள். பட்டறைக்காரரின் பாஷை எனக்குப் புரிந்தது.

உங்கள் மகனும் நானும் டவுனில் வெள்ளி வேலை செய்யும் பத்தரிடம் போனோம். "ரொம்பப் பழசுங்க அம்மணி. தகட்டப் பிரிச்சா தழும்பு நின்னுபோயிரும். அப்பறம் யாரும் மதிக்கமாட்டாங்க" என்றார் அவர். உங்கள் மகன் தயங்கினார். "உங்கப்பா குடுத்த சீரு. நீயே சொல்லு."

"அந்தப் பக்கம் மாத்தி வச்சுக் குடுங்க" என்றேன்.

உங்கள் பேத்தியின் காதுகுத்து துடியலூரில் நடந்தபோது, எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து இடது கையால் ரசம் சாப்பிட்டீர்கள். பக்கத்து இலையில் இருந்த பங்காளி ஒருவர், "என்னுங்க, எடது கையில..." என்று இழுத்தார். "கை எதுனா என்ன? மீசை நனையலீல்ல?" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். வரிசையே சிரித்தது. நீங்களும் கோணலாகச் சிரித்தீர்கள்.

வீடு திரும்பும் வழியில், காரில் என்னிடம் சொன்னீர்கள்: "எல்லாரும் எம் மூஞ்சியப் பாத்துட்டே ஊட்டுனாங்க. நீயி மட்டுந்தான் பாக்கல கண்ணு. அதனாலதான் வாயத் தொறந்தேன்." கரண்டியால்தான் எல்லாம் நடந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நீங்கள் இல்லாத வீட்டில் இப்போது அத்தைக்குக் கை நடுங்குகிறது. நான் ஊட்டுவது சாதாரண எவர்சில்வர் ஸ்பூனால்தான். ஆனால் ஸ்டூலை அவர் பக்கத்தில்தான் போட்டுக்கொள்கிறேன். இருவரும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைக்கிறார், அது கிளம்ப மறுக்கிறது, அத்தை அவரைத் திட்டிக்கொண்டே அடுத்த வாய்க்கு வாயைத் திறக்கிறார்.