ருக்மிணியின் வயது

செங்கல்பட்டு,
12-2-1956

மகாராஜராஜஸ்ரீ அப்பா அவர்களுக்கு உப்பிலி அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. டில்லியில் குளிர் குறைந்ததா?

ருக்மிணியைக் கடத்தினான் என்று மோசஸ் மேல் நீங்கள் கொடுத்த கேஸ் இருபத்தேழாம் தேதி விசாரணைக்கு வருகிறது. தங்கைக்குப் பதினாறு வயதுதான் என்று என்னையும் சாட்சி சொல்லச் சொல்லி எழுதியிருந்தீர்கள். உங்கள் சொல்லை இதுவரை நான் தட்டியதில்லை. இதை என்னால் சொல்ல முடியாது.

வக்கீல் முத்துசாமியைப் பார்த்தேன். அவர் மோசஸின் வக்கீல். தெரிந்துதான் போனேன். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகாவிட்டால், அவளே விரும்பிப் போனாலும் சட்டம் அதைக் காதில் வாங்காதாம். தகப்பனாரைக் கேட்காமல் கூட்டிப்போனவன் கடத்தினவன்தான். பதினெட்டு ஆகிவிட்டால் கேஸே இல்லை.

ருக்மிணி பிறந்தது ஈசுவர வருஷம் ஆவணியில், இங்கிலீஷ் கணக்கில் 1937. பதினெட்டு முடிந்துவிட்டது. போன வருஷம் வந்த பிள்ளை வீட்டார், பதினேழு முடிந்துமா கல்யாணம் ஆகவில்லை என்று முகம் சுளித்தார்கள். ஜோசியரை வைத்துப் பிரமாதி வருஷம் என்று புது ஜாதகம் எழுதினீர்கள். ஊரில் எல்லோரும் செய்வதுதான், பெண்ணுக்கு இரண்டு வயது குறைத்தால் யாருக்கு நஷ்டம் என்றீர்கள். அந்த ஜாதகம்தான் இன்று போலீஸ் காகிதக் கட்டில் முதல் தாளாக இருக்கிறது.

சட்டத்தை நான் பழிக்கவில்லை. சின்னப் பெண்களைக் காக்க வந்த சட்டம் அது. ஆனால் அவளுக்குப் பதினைந்து நடக்கும்போது நாற்பது வயதுக்காரருக்கு இரண்டாந்தாரமாகப் பேசினீர்களே, அப்போது அவள் சம்மதத்தை யார் கேட்டோம்? இவன் பெயர் மோசஸ் என்றில்லாமல் வெங்கடராகவன் என்றிருந்தால், நீங்கள் போலீஸுக்கா போயிருப்பீர்கள்?

நடந்தது இவ்வளவுதான். டைப் கிளாஸில் பழக்கம். மகாபலிபுரம் பார்க்கப் போனார்கள், கடைசி பஸ்ஸை விட்டார்கள், அவனுடைய அத்தை கன்னியம்மா வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் திரும்பினார்கள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது திருவேங்கடம் மாமா பார்த்து உங்களுக்குத் தந்தி அடித்தார், நீங்கள் வந்து புகார் கொடுத்துவிட்டு டில்லி திரும்பினீர்கள். கிளாஸில் யாரோடு பேசுகிறாய் என்று நம் வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. தானாகச் சொன்னால் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும்.

மோசஸின் தாயார் காசியம்மாள் தினமும் கோர்ட் வாசலில் நிற்கிறாள். கூலிக்குப் போவதில்லை. நேற்று என்னை மறித்து, "பொண்ணு தானா வந்துச்சின்னு உனக்குத் தெரியுமில்ல சாமி? எம்புள்ளய இன்னாத்துக்கு உள்ள வச்சிகினு கீறாங்க?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ருக்மிணி பேசுவதில்லை. உங்கள் கடிதத்தை அம்மா படித்த அன்று மட்டும் பேசினாள்: "நான்தான் போகலாம்னு சொன்னேன். பதினாறுன்னு எழுதிட்டா அதைச் சொல்றதுக்குக்கூட எனக்கு வாய் கிடையாதா?"

வியாழக்கிழமை மதுராந்தகம் போய்ப் பிறப்புப் பதிவின் நகலை வாங்கி வந்தேன். என் பெட்டியில் இருக்கிறது. அவளை அவனுக்குக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. எனக்கே அதில் மனம் ஒப்பவில்லை, மறைப்பானேன். ஜாதகம் தவறு என்று நீங்களே கோர்ட்டுக்கு எழுதிவிடுங்கள். இருபதாம் தேதிவரை பார்ப்பேன். வராவிட்டால் நகலை முத்துசாமியிடம் கொடுப்பேன். கூண்டில் நீங்கள் பொய் சொன்னவராக நிற்பீர்கள். நிறுத்தியவன் நானாக இருப்பேன். அதுவரை அவன் உள்ளேதான் கிடப்பான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பதில் எழுதும்போது ருக்மிணிக்கும் ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறாள். ஜெயிலிலிருந்து கடிதம் வராது என்று அவளுக்குத் தெரியும். உங்கள் கையெழுத்தைத்தான் பார்க்கப் போகிறாள்.

தங்கள் குமாரன்,
உப்பிலி