மாவட்டத்துக்குப் போய்ச் சேராத படகு

7.8.2006, திங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பெரியபட்டினத்து சபுராவின் கணவரை, கடலுக்கு மீன்பிடிக்கப் போனவரை, இலங்கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள். மீட்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அப்படி ஒரு படகே பதிவாகவில்லை என்கிறது மாவட்ட ஆபீஸ். போன வாரம் எங்கள் மீன்துறை ஆபீசில் நான்தான் அந்தப் படகைப் பதிவு செய்தேன். என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அதன் நகல் தானாக அங்கே போய்விட வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல பச்சை விளக்கு எரியுதுல்ல? எல்லாம் போயிருச்சு. நீங்கதான் ஏத்தாம விட்டிருப்பீங்க மேடம்," என்றார் எங்கள் சூப்பிரண்டு, சபுராவை வைத்துக்கொண்டே.

மாவட்டத்துக்குப் போன் போட்டு, கடைசியாக வந்த பதிவின் தேதியைக் கேட்டேன். பதினோரு நாளாக இங்கிருந்து ஒன்றுமே போகவில்லை! லைன் இருந்தாலே பச்சை எரியுமாம். நகல் சேர்ந்ததா என்று அது பார்க்காதாம். சூப்பிரண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விவரத்தைப் போனிலேயே சொல்லி ஏற்ற வைத்தேன். பிறகு அங்கிருந்தவரிடம் ஏறிய பெயரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ரிசீவரை சபுராவிடம் கொடுத்தேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

"படகு நம்பரையும் வாசிங்கண்ணே," என்றாள்.

பதினோரு நாளில் எங்களில் ஒருவருக்கும் அங்கே வந்து சேர்ந்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.