மேப்பிள் பிடியில் குங்குமம்

செப்டம்பர் 14, 2024, சனி

இன்றும் ஒரு பெட்டி தோட்டா தீருமுன் கட்டைவிரல் அடிமூட்டு கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. முப்பது வருஷம் அமெரிக்காவில், இந்தக் கேட்டி நகரத்தில், பல் டாக்டராக ஊரார் பல்லைப் பிடுங்கிய விரல். நான் ரிட்டையர் ஆனதும் என்னைப் பழிவாங்குகிறது. ரிவால்வர் என்னவோ சின்னதுதான். கூடவே வந்த ரப்பர் பிடி தடிமாடு. என் கைக்குள் அடங்காமல் ஒவ்வொரு வெடிக்கும் மூட்டிலேயே வந்து இடிக்கிறது.

ஐஸ் வைத்துக்கொண்டிருந்ததை ஆத்துக்காரர் ஜம்பு பார்த்துவிட்டார். "வலிக்கறதுன்னா வித்துடலாமே, அபயம். எதுக்கு இழுத்துண்டு கஷ்டப்படறே?"

"முதுகு வலிக்கறதுன்னு நீங்க கோல்ஃப் கிட்டை வித்தேளா?"

மகள் ரக்ஷா போனில், "அம்மா, ஜஸ்ட் டூ யோகா" என்கிறாள். அப்பாவுக்குப் பெண் சரியாகத்தான் பிறந்திருக்கிறாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம்: தீபாவளிக்குள் கைக்கு ஒத்துவரும் பிடி கிடைக்காவிட்டால் விற்றுவிடுவது. சரி என்று வாயால் சொல்லிவிட்டேன். மனசு சொல்லவில்லை. சனிக்கிழமை காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பெண்கள் குழுவோடு இருக்கும்போதுதான் நான் யாருக்கும் டாக்டர் இல்லை, அம்மா இல்லை, மாமி இல்லை. அதை எப்படி விடுவது?

செப்டம்பர் 22

ஃப்ரீவே பக்கத்துக் கடையில் பிடி பார்க்கும் படலம். நகை எடுக்கப் போனால்கூட இத்தனை தட்டு வெளியே வராது. போலித் தந்தம், ரோஸ்வுட், கொம்பு. பளபளப்பானதெல்லாம் வியர்த்த கையில் வழுக்கும். விரல் பள்ளம் வைத்தது வேறு யாரோ ஒரு பீமனின் விரலுக்கு வெட்டியது.

ஜம்பு ஒரு முத்துநிறப் பிடியைத் தூக்கி, "இது நன்னா இருக்கே" என்றார்.

"மூக்குத்திக்கா பாக்கறேள்?"

முடிவில் மேப்பிள். வார்னிஷ் கிடையாது, லேசாக எண்ணெய் மட்டும். பால்கோவா நிறம், உள்ளே அலை அலையாக வரி. தடிமன் கூடுதல் என்று கை சொன்னது. கண் கேட்கவில்லை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, நானும்தான் மயங்கினேன்.

செப்டம்பர் 28, சனி

அழகு. பிரயோஜனம் பூஜ்யம். விசைக்கு என் நகம்தான் எட்டுகிறது.

அக்டோபர் 6

கறை, கீறல் இல்லாமல் இருந்தால் கடையில் மாற்றித் தருவார்களாம். ஒல்லியாக வேறொன்று பார்த்து வைத்திருக்கிறேன். விஜயதசமியன்று போகலாம், நல்ல நாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. நான் சுண்டல் தாளிக்கும் நேரத்தில் ஜம்பு கடமையே கண்ணாக எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார். லேப்டாப், கார் சாவி, நான் பல் பிடுங்கிய பழைய குறடு. நடுநாயகமாக, நான் காலையிலேயே தோட்டாவைக் காலி செய்து கொடுத்த ரிவால்வர். மேப்பிள் பிடியில் குழைத்த சந்தனம், அதன் மேல் தாராளமாகக் குங்குமம். ஈரம் சொட்டுகிறது.

"நாளைக்கு அதைத் திருப்பிக் குடுக்கணுமேன்னா."

"இந்த ஆத்துல ஆயுதம்னு வேற என்ன இருக்கு?"

துடைக்கப் போனேன். கையைத் தடுத்துவிட்டார். மறுநாள் காலை புனர்பூஜை ஆகாமல் எடுக்கக்கூடாதாம். எனக்கும் அந்தப் பயம் உண்டே, விட்டுவிட்டேன். இரவு முழுவதும் அம்பாள் சன்னிதியில் அது ஊறட்டும். அழுகையும் ஆத்திரமுமாக வருகிறது — வேணும்னே பண்ணினாரா? இருக்காது. அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

அக்டோபர் 12

சந்தனம் போயிற்று. குங்குமம் போகவில்லை, மரத்துக்குள் இறங்கிவிட்டது. கடைக்காரப் பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இஸ் திஸ் ப்ளட், மேம்?" என்றான். மஞ்சளும் சுண்ணாம்பும் என்று விளக்கினேன். இன்னும் பயந்தான். திருப்பி எடுக்கவில்லை.

காரில் வரும்போது, "வித்துடுங்கோ. உங்களுக்கு நிம்மதி" என்றேன்.  அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். நான் பிடியை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஜம்பு காலையிலிருந்து கராஜில். உப்புத்தாளால் கறையைத் தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்கக் கறை உள்ளே போகிறது, மரம் இளைக்கிறது. சாயங்காலம் பிடியை என் கையில் வைத்தார். "பிடிச்சுப் பாரு." அட, கொஞ்சம் அடங்குகிறது.

அதற்கப்புறம் கறையை இருவருமே மறந்துவிட்டோம். என் கையைப் பிரித்து, மடக்கி, விரல் விழும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேய்த்து, மறுபடி பிடித்துப் பார்த்து — கல்யாணத்தில் வாத்தியார் சொல்லிப் பிடித்ததற்குப் பிறகு இந்த மனுஷர் என் கையை இத்தனை நேரம் பிடித்ததில்லை. மூட்டைத் தடவி, "இவ்வளவு வீங்கியிருக்கா? சொல்லவே இல்லையே" என்றார். சொல்லியிருக்கிறேன். இன்று சண்டை போட மனசில்லை.

அக்டோபர் 26, சனி

முழுப் பெட்டி சுட்டேன்! பிடி ஒரு பக்கம் ஒடிசல், மறுபக்கம் செம்பழுப்புத் திட்டு. யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கைக்குள் நின்றது. ஜம்பு பின்னால் காது மூடியோடு நின்று, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் "வலிக்கறதா?" என்று கத்தினார். எங்கள் குழுத் தலைவி டார்லீன் பிடியை வாங்கிப் பார்த்து, தன்னுடையதையும் இப்படிச் செய்து தருவாரா என்று கேட்டாள்.

விற்பனை ரத்து.

நவம்பர் 16

கராஜ் சுவரில், பிடி இழைத்துத் தருவதற்காக எடுத்த நாலு பெண்களின் உள்ளங்கை வரைபடம். ஜம்பு இப்போது சனிக்கிழமை தவறாமல் ரேஞ்சுக்கு வருகிறார். "ஹலோ ஜம்பூ" என்று ஒரே வரவேற்பு. எனக்கென்று இருந்த ஒரு பொழுதும் போச்சு. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 7, சனி

ஜம்புவுக்கு ஜுரம். படுத்துத் தூங்குங்கோ என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன், உள்ளுக்குள் சந்தோஷமாகவே. கை வலிக்கவில்லை, குறியும் தப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பெட்டியில் மூட்டை கட்டிக்கொண்டு, மிளகு ரசம் வைக்க வீட்டுக்கு வந்துவிட்டேன்.