ஒரு நம்பருக்கு ஒரு ஃபாரம்

இலுப்பூர்
ஆவணி 12

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்லபடியாக இருக்கிறேன். நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம் அய்யனார் துணையிருக்கட்டும். வாராவாரம் வீடியோவில் பார்த்துப் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு மாதமாகச் சொல்ல நினைத்து, மழை பெய்ததா, மாடு எப்படி இருக்கிறது என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

இங்கே ஆடியில் இரண்டு மழை நன்றாகப் பெய்தது. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. சத்துணவு மையத்தில் புது அடுப்பு வந்திருக்கிறது, கண் எரிச்சல் இல்லை. காலையில் போய் அரிசி களைந்து போடுகிறேன், மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிறேன், வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருக்கிறேன். வருத்தம் என்று சொல்ல முடியவில்லை. அழுகையும் வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. உன் தங்கச்சி மோகனப்ரியா டூட்டிக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். சித்திரையிலிருந்து அவள் இந்த வீட்டில் இல்லை. திருச்சியில் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, சொல்லியிருந்தால் நீ என்னைக் கேட்டிருப்பாய்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், அப்பா தவறி நாலாவது மாதம், நர்ஸ் படித்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து அங்கேயே வேலைக்கு அனுப்புகிறோம் என்று ஒரு டிரஸ்ட் வெப்சைட்டில் ஃபாரம் போட்டார்களே, அது உனக்கு மறந்திருக்காது. நீங்கள் இரண்டு பேரும் அப்போது மதுரையில் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருந்தீர்கள். டூட்டியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சர்டிபிகேட் எல்லாம் வீட்டு பீரோவில் இருக்கிறது, காலை பத்து மணிக்கு ஃபாரம் திறக்கும், முந்நூறு பேர் சேர்ந்ததும் மூடிவிடும், அதனால் நீயே பிராங்க்ளின் அண்ணன் கம்ப்யூட்டர் கடையில் போய் உன் போன் நம்பரைக் கொடுத்து இரண்டையும் அனுப்பிவிடு அம்மா என்று சொன்னீர்கள். நான் ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். யாருடையது முதலில் என்று பிராங்க்ளின் கேட்டான். பையில் உன் சர்டிபிகேட்தான் மேலே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அதில் என் மனசில் ஒரு கள்ளமும் இல்லை, நீ அதை நம்ப வேண்டும். உன்னுடையது பத்து நிமிடத்தில் போய்விட்டது. அடுத்து சின்னவளுடையதைப் போட்டால் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து நின்றுவிட்டது. பிராங்க்ளின் படித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒரு நம்பருக்கு ஒரு ஃபாரம்தான் எடுக்குமாம். போன வருசம் ஒரே ஆளு பத்து தடவ அனுப்பி எடத்த அடைச்சிப்புட்டாங்களாம், அதான் இப்புடி வச்சிருக்காங்க. ஒண்ணும் பிரச்சனையில்ல, என் நம்பரப் போட்டு அனுப்பிடவா?” என்று கேட்டான்.

நான் வேண்டாம் என்று சொன்னேன்.

அவன் திரும்பவும் கேட்டான். “இன்னும் எடம் இருக்குக்கா, தொண்ணூறுக்கு மேல காட்டுது, யோசிக்காதீங்க” என்றான். எனக்கு அந்த நேரத்தில் வீடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பாவும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஏறிப்போய்விட்டால் அந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போவது யார், நான் எப்படிப் போவேன் என்று தோன்றியது. “சின்னவளுக்கு அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்ப்பா” என்று சொல்லிவிட்டு அவளுடைய சர்டிபிகேட்டை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் நீங்கள் போன் பண்ணியபோது, பெரியவளுடையது போய்விட்டது, சின்னவளுடையதைப் போடுவதற்குள் மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். மோகனப்ரியா, “பரவால்லம்மா, அக்காளாவது போகட்டும்” என்றாள். அடுத்த இரண்டு வருடமும் அந்த டிரஸ்ட் ஃபாரமே திறக்கவில்லை. நீ அனுப்பிய பனிப் படங்களை எல்லாம் அவள்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கி எனக்குக் காட்டுவாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து, கீரனூர் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே திருச்சி போய் வந்தாள். ஒருநாள்கூட முகம் கோணவில்லை. அவள் முகம் கோணாததைப் பார்த்து நான் செய்தது சரிதான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் அனுபவச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க அவள் பிராங்க்ளின் கடைக்குப் போயிருக்கிறாள். இந்த வருடம் ஃபாரம் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்திருக்கிறது. அவன் வெள்ளந்தியாக, “அன்னைக்கே அம்மாகிட்ட என் நம்பரப் போட்டு அனுப்புறேன்னு சொன்னேன் பாப்பா, அவங்கதான் வேணாம்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வந்து எதிரில் நின்றாள். “நெசமாம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ஏம்மா?” என்றாள். தனியாக இருக்கப் பயமாக இருந்தது என்று சொன்னேன். “என்னய ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல, நீ இருன்னு சொல்லிருந்தா நானே இருந்திருப்பேன்” என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். என் போனை எடுப்பதில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன், கூட வேலை பார்க்கிற கார்த்திகா வந்து, “அவ வார்டுல இருக்காம்மா, நீங்க சாப்புட்டுப் போங்க” என்று கேன்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

போன புதன்கிழமை ஃபாரம் திறந்தது. இந்தத் தடவை இருநூறு பேர்தான். அவள் ஒரிஜினல் எல்லாம் இன்னும் நம் பீரோவில்தான் இருக்கிறது, கேட்டு வரவும் இல்லை. நான் லீவு சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போய் பிராங்க்ளினிடம் கொடுத்து, இதற்கு வேறு யாருடைய நம்பரும் வேண்டாம், அவள் நம்பரையே போடு என்றேன். எல்லாம் போட்டு முடித்ததும், அவள் போனுக்கு ஓ.டி.பி. போயிருக்கும், அதைக் கேட்டுச் சொல்லுங்கள் அக்கா, ஐந்து நிமிடம்தான் இருக்கும் என்றான். என் போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள் என்று கடைப் போனிலிருந்து கூப்பிட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, “யாருங்க?” என்றாள். “அம்மாதான்” என்றேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது, யாரோ ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வைத்துவிடுவாள் என்று பயந்து, “அந்த ஃபாரம் தெறந்திருச்சு ஆத்தா, எல்லாம் போட்டாச்சு, ஒன் போனுக்கு வந்த நம்பர மட்டும் சொல்லு” என்று ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் ஆறு நம்பரைச் சொன்னாள். நர்ஸ்கள் மருந்துச் சீட்டைப் படிப்பார்களே, அப்படி ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். எனக்குக் காது சரியாகக் கேட்டிருக்காதோ என்று அவளே இன்னொரு தடவையும் சொன்னாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போய்விட்டது என்று பிராங்க்ளின் சொன்னான். நூற்று எழுபத்தாறாவது ஆளாம்.

கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது, கார்த்திகையில்தான் சொல்வார்களாம். உன்மேல் இதில் ஒரு பாவமும் இல்லை, நீ சாப்பாட்டை விட்டுவிட்டு உட்காராதே. எனக்காக அவளிடம் பேசவும் வேண்டாம், அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசட்டும். அங்கே வந்து சேர்ந்தால் முதல் மாதம் அவளுக்குக் குளிர் தாங்காது, உன் பழைய கம்பளிச் சட்டை ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திரு. நீ தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருந்தாலும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இதைப் படித்த உடனே போன் பண்ணாதே. இரண்டு நாள் கழித்துப் பண்ணு, கட்டாயம் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. செல்வராணி