பல்வலிக்காரர்களின் பெஞ்சு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீ, அம்மா, பாப்பா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பல்வலி என்றேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பயப்படாதே. எங்கள் முகாமில் பல் டாக்டர் அறையும் மனநல டாக்டர் அறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. தூக்கம் வராதவன், கனவில் அலறுகிறவன் எல்லோரும் பல்வலி என்று சொல்லிக்கொண்டுதான் அங்கே போவோம். உண்மையைச் சொன்னால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள், கோழை என்று பெயரும் வரும் என்று பயம்.

நானும் கன்னத்தைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனநல டாக்டரின் கதவைத் திறந்துகொண்டு, தினமும் எங்களை மைதானத்தில் விரட்டும் டிரில் மாஸ்டர் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் அவர் கையும் கன்னத்துக்குப் போனது.

"என்னடா, பல்லா?"

"ஆமா சார்."

"எனக்கும்தான்" என்றவர், மெல்லக் கையை இறக்கினார். "உள்ள போடா. சொல்றதப் பொறுமையாக் கேக்குறாரு."

போய் மனம்விட்டுப் பேசினேன். இனி வாராவாரம் போவேன், கன்னத்தைப் பிடிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை அணைத்துவிடாதே. சமையலறையிலேயே இருக்கட்டும். நீ பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்.

விசில் அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன். அம்மா எடுத்துவைத்த கிராம்புத் தைலத்தை அனுப்பாதே. பல்லில் ஒன்றுமில்லை.