பாப்பாவுக்கென்று எழுதிய எழுத்து

உன் முப்பதாம் நாள் திருப்பலிக்கான அட்டை இன்று தபாலில் வந்தது. கறுப்புக் கரை, மேலே சிலுவை, அதன் கீழே உன் பெயர். பெயரைப் படிக்கும் முன்பே எழுத்தைப் பார்த்துவிட்டேன். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, சுழியில் பருத்து, வாலில் மெலிந்து ஓடும் என் கையெழுத்து. உன் வீட்டுக்காரர் உங்கள் தருமபுரி அச்சகத்திலேயே அடித்திருப்பார். யாருடைய எழுத்து என்று அவருக்காவது தெரியுமா?

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். நான் ஏரியூரில் ஆசிரியையான பிறகு, ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெள்ளை அட்டைகளோடு வந்தாய்.

"எங்க பாப்பாவுக்குக் கையெழுத்துப் பழக்கோணும் புள்ள. எல்லா எழுத்தும் ஒரு செட்டு எழுதிக் குடு. இந்தியன் இங்க்ல எழுது, கறுப்பா நிக்கட்டும்."

விடுமுறை முழுக்க எழுதினேன். சின்ன விரல்கள் திணறக் கூடாதே என்று அகரத்தின் வயிற்றை அகலத் திறந்துவிட்டேன். ழகரத்தின் வாலை மடக்காமல் நீள ஓடவிட்டேன்.

அடுத்த வைகாசியில் கம்பைநல்லூரில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் மற்றதெல்லாம் வழக்கமான ஈய அச்செழுத்து. மணமக்களின் பெயர்கள் மட்டும், வீட்டில் யாரோ இப்போதுதான் உட்கார்ந்து எழுதியதைப் போல, என் எழுத்தில் இருந்தன. பெண்ணின் அப்பா எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

"அச்சாபீஸ் அம்மாவே வரைஞ்சதுங்க. பெங்களூருக்குக் குடுத்து அதே மாதிரி அச்செழுத்து செஞ்சு கொண்டாந்தாங்களாம்."

பக்கத்தில் நின்ற நீ என்னைப் பார்த்துவிட்டாய். "இந்த டீச்சருக்கும் எழுத்துன்னா உசுருங்க" என்று அவருக்கு அறிமுகம் செய்தாய்.

கை கழுவும் இடத்தில் உன்னைப் பிடித்துக் கேட்டேன்.

"அதுக்கென்ன இப்போ? அ, ஆ எல்லாம் உங்க வூட்டுச் சொத்தா?" என்று சிரித்தாய்.

"பாப்பா எழுதிப் பழகினாளா?"

நீ ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டாய். அன்றோடு நமக்குள் பேச்சே நின்றுபோனது.

பிறகு அந்த எழுத்து எங்கும் வந்தது. புதுமனைப் பத்திரிகையில், மஞ்சள் நீராட்டு அழைப்பில், ஜவுளிக்கடைப் பையில். கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லமாட்டேன். கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ ஒரு குழந்தையின் விரலைக் காட்டி வாங்கினாய். அதுதான் இன்னும் ஆறவில்லை.

நீ படுக்கையில் கிடந்த நாள்களில், ஒரு மாணவியின் அம்மா என் எழுத்தைப் பார்த்து வியந்தார். "கல்யாணப் பத்திரிகை எழுத்தப் பாத்துப் பழகுனீங்களா டீச்சர்? அப்படியே அச்சா வருதுங்களே!"

இல்லை என்று சொன்னால் உன் பெயரைச் சொல்ல வேண்டிவரும். "ஆமாங்க" என்றேன். அதையும் என் வாயாலேயே உனக்குக் கொடுத்தேன்.

இந்த மடலையாவது நிமிர்ந்த எழுத்தில் எழுதப் பார்த்தேன். சில வரிகள்கூடத் தாண்டவில்லை. கை தானாகவே வலப்பக்கம் சாய்ந்துவிடுகிறது.